இன்ஜின் சூடேறினால் தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள்

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை முடிந்து விசைப்படகுகள் கடலில் இறங்கியதும் துறைமுகத்து மெக்கானிக்குகளின் போன் ஓயாமல் அடிக்கும். வருகிற புகாரில் ஒன்று மட்டும் வருஷா வருஷம் மாறாது: "ஹீட் ஆகுதுண்ணே, ரேஸ் கொடுத்தா ஊசி செகப்புக்குப் போயிடுது."

இரண்டு மாதம் அசையாமல் நின்ற படகில் கடல்தண்ணீர் உறிஞ்சும் வாயில் கொட்டலசு குடியேறியிருக்கும். பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் ஒரே மடிப்பில் கிடந்து இறுகியிருக்கும். அடியில் ஓடும் குழாய்களில் பாசி படர்ந்திருக்கும். இதில் எதுவுமே இன்ஜினின் குற்றமில்லை. ஆனாலும் பதினைந்து இருபது வருஷம் ஓடிய படகென்றால் உரிமையாளர் மனசில் முதலில் விழுகிற தீர்ப்பு, "இன்ஜின் போச்சு, மாத்திடலாம்" என்பதுதான். சில சமயம் அது சரியாகவும் இருக்கும். பல சமயம் கையளவு ரப்பர் துண்டுக்காக லட்சக்கணக்கில் செலவு இழுத்துவிடும். அதைவிட மோசம், சூட்டுக்குக் காரணம் என்னவென்று பார்க்காமல் இன்ஜினை மட்டும் மாற்றுவது. காரணம் படகில் இருந்தால், புது இன்ஜினும் அதே படகில்தானே உட்காரப் போகிறது? அதுவும் வேகும்.

அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன், சூடு எப்படி வெளியேறுகிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. எரிகிற டீசலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ஷாஃப்டைச் சுற்றுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் சுமந்து வெளியேற்ற வேண்டும். லாரியில் இந்த வேலையை முன்னால் இருக்கும் ரேடியேட்டரும் எதிர்க்காற்றும் செய்கின்றன. படகின் வயிற்றுக்குள் காற்று ஏது? அங்கே கடல்தான் ரேடியேட்டர்.

கடலைப் பயன்படுத்த மூன்று வழிகள் உண்டு. பழைய சிறிய இன்ஜின்களில் கடல்தண்ணீர் நேரடியாகவே பிளாக்குக்குள் போய்ச் சுற்றி வெளியே வரும். இவற்றை 60 டிகிரியைச் சுற்றியே ஓட்ட வேண்டும். அதற்கு மேல் போனால் உப்பும் சுண்ணாம்பும் உள்சுவரில் படியத் தொடங்கும். இரண்டாவது வகையில் இன்ஜினுக்குள் நல்ல தண்ணீரும் கூலண்டும் தனியாகச் சுற்றும். கடல்தண்ணீர் ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாய்களுக்குள் ஓடி அதன் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே கொட்டும். மூன்றாவது கீல் கூலிங். இதில் கடல்தண்ணீர் படகுக்குள் வருவதே இல்லை. கூலண்டே ஏராவை (கீலை) ஒட்டி வெளியே ஓடும் குழாய்க்குள் போய், கடலில் ஆறி, திரும்பி வரும். இந்தக் கடைசி இரண்டு வகையிலும் ஊசி பெரும்பாலும் 75 முதல் 90 டிகிரிக்குள் நிற்க வேண்டும். சரியான எண் உங்கள் இன்ஜின் புத்தகத்தில் இருக்கும்.

நடுக்கடலில் ஊசி ஏறிவிட்டால் முதலில் ரேஸைக் குறைத்து கியரை நியூட்ரலில் போடுங்கள். பக்கவாட்டில் தண்ணீர் கொட்டுகிறதா என்று எட்டிப் பாருங்கள். கொட்டினால் சில நிமிஷம் ஐடிலில் ஓடவிட்டு ஆறவிடலாம். கொட்டவில்லையென்றாலோ, கீல் கூலிங் படகில் ஐடிலுக்கு வந்தும் ஊசி இறங்கவில்லையென்றாலோ, உடனே நிறுத்திவிடுங்கள். கூலண்ட் மூடியைத் திறக்கவே வேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடி திறந்த கணத்தில் நீராவியாகப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். பதறிப்போய் இன்ஜின் மேல் வாளியால் கடல்தண்ணீரை ஊற்றுகிறவர்களும் உண்டு. கொதிக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஹெட் வெடித்துவிடும். அதுவரை தப்பித்திருந்த இன்ஜினும் அத்தோடு தீர்ந்தது.

கரைக்கு வந்தபின் மெக்கானிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எவ்வளவு ஹீட்?" என்பதல்ல, "எப்போ ஹீட்?" என்பது. டிரைவர் பொறுமையாகப் பதில் சொன்னால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

ஸ்டார்ட் செய்த சில நிமிஷத்திலேயே ஏறினால் தண்ணீரே ஓடவில்லை என்று பொருள். வால்வு மூடியிருக்கலாம், இம்பெல்லர் செத்திருக்கலாம், பெல்ட் அறுந்திருக்கலாம், கூலண்ட் மாற்றியபோது உள்ளே காற்று அடைத்திருக்கலாம். ஐடிலில் ஒழுங்காக நின்று, முழு ரேஸில் மட்டும் ஏறினால் தண்ணீர் ஓடுகிறது, ஆனால் போதவில்லை. ஹீட் எக்ஸ்சேஞ்சர் பாதி அடைத்திருக்கும், அல்லது உறிஞ்சும் ஹோஸின் உள்உறை பிய்ந்து, வேகமாக இழுக்கும்போது உள்ளே சப்பிக்கொள்ளும். வெளியிலிருந்து தடவிப் பார்த்தால் அந்த ஹோஸ் நன்றாகத்தான் தெரியும். சும்மா ஓடும்போது சரியாக இருந்து, வலை இழுக்கும்போது மட்டும் ஏறினால் சந்தேகம் புரொபெல்லர் பக்கம் திரும்ப வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தபோது திடீரென்று ஏறி, படகு நின்றதும் இறங்கி, கிளம்பினால் மறுபடி ஏறினால் உறிஞ்சும் வாயில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கலாம். சொறிமீன் மொத்தமாக வரும் காலத்தில் அதுவும் போய் அடைக்கும்.

சில சமயம் சூடே இருக்காது. சென்சாரோ வயரோ கெட்டு ஊசி மட்டும் பொய் சொல்லும். தொடாமலே சூட்டை அளக்கும் துப்பாக்கி மாதிரியான வெப்பமானி இப்போது ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கிறது. தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் ஒரு முறை காட்டிப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும். ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் போகும் குழாயையும் வரும் குழாயையும் தனித்தனியாக அளந்தால், அது வேலை செய்கிறதா தூங்குகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இனி தண்ணீரின் வழியே நடக்க வேண்டியதுதான். கடலில் தொடங்கி மறுபடி கடலில் முடிகிற வழி அது. நடுவில் எதையும் தாண்டிக் குதிக்கக் கூடாது.

படகின் அடியில் உறிஞ்சும் வாய், அதன்மேல் வலைத்தட்டு. பெயிண்ட் பூசிப் பூசியே துளைகள் சுருங்கிப்போன தட்டுகள் பழைய படகுகளில் சாதாரணம். அடுத்து வால்வு. கைப்பிடி திரும்புகிறது என்பதால் உள்ளே திறக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஹோஸைக் கழற்றிவிட்டு வால்வைத் திறந்தால் தண்ணீர் உள்ளே பீச்ச வேண்டும். கசிந்தால் போதாது. பிறகு வடிகட்டி. அதன் மூடி வாஷர் இறுக்கமாக இல்லையென்றால் பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சும்.

அடுத்து பம்ப். ஐந்தாறு திருகைக் கழற்றி மூடியை எடுத்தால் உள்ளே கறுப்பு ரப்பர் சக்கரம் இருக்கும். அதன் இதழ்களை ஒவ்வொன்றாக விரலால் வளைத்துப் பாருங்கள். அடியில் மயிரிழை போல வெடிப்பு தெரிந்தாலே அதன் ஆயுள் முடிந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிராமல் நிற்கும் இதழும் அப்படித்தான். தண்ணீர் இல்லாமல் ஓரிரு நிமிஷம் சுற்றினாலே இந்த ரப்பர் கருகிவிடும், ஏனென்றால் தண்ணீர்தான் அதற்கு வழுக்கு எண்ணெயும். இதழ் ஒன்று குறைகிறதென்றால் புதியதைப் போட்டு மூடிவிட்டுப் போகக் கூடாது. குறைந்த துண்டு எங்கே? அது தண்ணீரோடு போய் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயிலோ ஆயில் கூலர் வாயிலோ சிக்கியிருக்கும். அங்கே திறந்து, துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, பழைய இம்பெல்லரோடு பொருத்திப் பார்த்து, எல்லாம் சேர்ந்துவிட்டதா என்று கணக்குத் தீர்க்க வேண்டும். இந்த ஒரு வேலையைச் சோம்பலில் விட்டதால் "இம்பெல்லர் மாத்தியும் ஹீட் நிக்கல" என்று இன்ஜின் மேல் பழி விழுந்த படகுகள் நிறைய. மூடியின் உள்பக்கத்தில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். அந்தப் பள்ளத்தின் வழியே தண்ணீர் பின்னுக்கே வழிந்துவிடும்.

ஹீட் எக்ஸ்சேஞ்சரின் இரு முனை மூடிகளையும் கழற்றி ஒரு பக்கம் டார்ச் அடித்தால், மறுபக்கம் ஒவ்வொரு குழாயிலும் வெளிச்சம் தெரிய வேண்டும். படிந்த சுண்ணாம்பை மென்மையான அமிலக் கரைசலில் ஊறவைத்துக் கரைக்கலாம். கம்பியால் குத்தினால் செம்புக் குழாய் பொத்துக்கொள்ளும். பொத்துக்கொண்டால் கடல்தண்ணீர் கூலண்டில் கலக்கும், இன்ஜின் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும். இதே உறையில் பென்சில் போல ஒரு துத்தநாகத் தண்டு திருகப்பட்டிருக்கும். செம்புக்குப் பதிலாகத் தான் அரிபட்டுச் சாவதுதான் அதன் வேலை. பாதி கரைந்துவிட்டால் மாற்ற வேண்டும். அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் பல வருஷம் ஓடிய படகுகளும் உண்டு, வெறும் திருகு மட்டும் மிச்சமிருக்கும்.

கீல் கூலிங் படகுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. அதற்கு வேறு சனி. தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி அடிக்குப் பெயிண்ட் அடிக்கும்போது, பெயிண்டர் கைபோன போக்கில் கூலிங் குழாய்க்கும் இரண்டு கோட் அடித்துவிடுவார். பார்க்க அழகாக இருக்கும். தடித்த பெயிண்ட் சூட்டை வெளியே விடாது. போன வருஷம் வரை ஒழுங்காக ஓடிய படகு, அடி வேலை பார்த்து இறங்கியதிலிருந்து சூடாகிறதென்றால் முதலில் அங்கே பாருங்கள்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்கப் பட்டறை வேண்டாம். ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் கயிறு கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள், அதன்மேல் பொறித்த டிகிரி வரும்போது வாய் திறக்க வேண்டும். நம் ஊரில் ஹீட் என்றாலே அதைக் கழற்றி எறிந்துவிடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் குறுக்கு வழி மூடும். அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ஆறப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், சூடு குறைவதற்குப் பதில் கூடும். அப்படிக் கூடாத இன்ஜின்களோ எப்போதும் குளிர்ந்தே ஓடி, டீசல் சரியாக எரியாமல் கரி பிடித்து, லைனர் சீக்கிரம் தேயும்.

தண்ணீர் வழி முழுக்கச் சுத்தம் என்று தெரிந்தபின் பாரத்தைப் பாருங்கள். புரொபெல்லரில் சுற்றிய கயிறு, அடியில் அப்பிய கொட்டலசு, வளைந்த ஷாஃப்ட், அளவுக்கு மீறிய புரொபெல்லர் எல்லாம் இன்ஜினை மூச்சுத்திணற வைக்கும். முழு ரேஸ் கொடுத்தும் குறிப்பிட்ட சுற்றுக்கு வராமல் கறுப்புப் புகை தள்ளுவது இதன் அடையாளம். நாசிலும் பம்ப் டைமிங்கும் சரியில்லையென்றாலும் புகையும் சூடும் சேர்ந்து வரும்.

இவ்வளவும் பார்த்தபிறகுதான் இன்ஜினின் உள்ளே சந்தேகப்பட வேண்டும். ஆறிய இன்ஜினில் கூலண்ட் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் தண்ணீரில் விடாமல் குமிழி கிளம்புகிறதா? எரியும் வாயு ஹெட் கேஸ்கெட்டைத் தாண்டி வருகிறது. ஆயில் குச்சியில் பால் கலந்த நிறமா? தண்ணீர் ஆயிலில் இறங்கிவிட்டது. அப்படியிருந்தால் மறுபடி ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். நாசில்களைக் கழற்றிவிட்டுக் கையால் கிராங்கைச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் நம்பிக்கை உண்டு. ஹெட்டைக் கழற்றி, நேர்ச்சட்டம் வைத்து ஃபீலர் கேஜால் வளைவை அளந்து, வால்வுகளுக்கு நடுவே வெடிப்பு இருக்கிறதா என்று சாயம் விட்டுப் பார்க்கலாம். ஹெட் வளைந்திருந்தால் பிளேன் பண்ணலாம். லைனர், பிஸ்டன் கிட் மாற்றலாம். பிளாக் வெடித்திருந்தாலோ, கிராங்க் நிறம் மாறிச் சிராய்த்திருந்தாலோ, அந்த மாடலுக்குச் சாமான் கிடைப்பதே நின்றுவிட்டாலோதான் மாற்றுவது லாபம்.

மாற்றுவதென்று முடிவானதும் எல்லோருக்கும் வருகிற ஆசை, "பெரிசா ஒண்ணு போட்டுடுவோம்" என்பது. தமிழ்நாட்டின் 2020ஆம் ஆண்டு கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகளின்படி 240 குதிரைத்திறனுக்கு மேல் அனுமதி இல்லை. சட்டத்தை விடுங்கள், தண்ணீரே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. தண்ணீரைக் கிழித்துப் போகும் வகைப் படகின் வேகம் அதன் நீளத்தோடு கட்டப்பட்டது. நீர்மட்டத்தில் 45 அடி நீளமுள்ள படகுக்கு அந்த எல்லை ஏறக்குறைய 9 நாட். அதற்கு மேல் எவ்வளவு குதிரை பூட்டினாலும் அலைதான் பெரிதாகும், டீசல்தான் குறையும். வலை இழுக்கும் பலம் வேண்டுமென்றால், பெரிய புரொபெல்லரை மெதுவாகச் சுற்றும் கியர் விகிதம் நிறையவே உதவும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பழைய இன்ஜின் 1,800 சுற்றில் ஓடி, கியர் மூன்றுக்கு ஒன்றென்றால் ஷாஃப்ட் 600 சுற்று. புதியது 2,400 சுற்று, கியர் இரண்டுக்கு ஒன்றென்றால் ஷாஃப்ட் 1,200. புரொபெல்லர் கேட்கும் சக்தி சுற்றின் மும்மடிக் கணக்கில் ஏறும். அதாவது சுற்று இரட்டித்தால் எட்டு மடங்கு. பழைய புரொபெல்லரையே விட்டுவைத்தால் புது இன்ஜின் அந்தச் சுற்றை எட்டவே எட்டாது, திணறித் திணறியே சூடேறும். ஆகவே இன்ஜின், கியர்பாக்ஸ், புரொபெல்லர் மூன்றையும் ஒரே கணக்காகப் போட வேண்டும். புரொபெல்லர் எந்தப் பக்கம் சுற்றும் என்பதையும் மறக்காமல் பாருங்கள்.

லாரி இன்ஜினை மலிவாக வாங்கிப் படகுக்கு மாற்றுவதும் நடக்கிறது. பிளாக் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் படகில் இன்ஜின் சாய்ந்து உட்காரும், ஆயில் சம்ப் அதற்கு ஏற்றதாக வேண்டும். லாரியில் காற்றில் ஆறும் புகைக் குழாய், மரப்படகின் மூடிய அறையில் தணலாக நிற்கும். தண்ணீர் உறை போட்ட புகைக் குழாயோ, நல்ல வெப்பக் காப்பு உறையோ இல்லாமல் அதை இறக்கக் கூடாது.

தூக்குவதற்கு முன் பழைய கப்ளிங்கின் மையம் இன்ஜின் கட்டைகளிலிருந்து எவ்வளவு உயரம், கட்டைகளுக்கு இடையே எவ்வளவு அகலம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அரை டன்னுக்கு மேல் போகும் எடை, செயின் பிளாக்கை வீல்ஹவுஸ் கூரையின் ஏதோ ஒரு சட்டத்தில் மாட்டிவிடாதீர்கள். முடிந்தால் ஜெட்டியில் கிரேன் வைத்து எடுப்பதுதான் பத்திரம். இன்ஜின் போனபின் தெரிகிற கட்டையைக் கூரான கம்பியால் குத்திப் பாருங்கள். போல்ட் துளைகளைச் சுற்றி டீசலும் தண்ணீரும் ஊறி மரம் மெத்தென்று ஆகியிருந்தால், அதை மாற்றாமல் மேலே வைக்கிற எதுவும் நிற்காது. எண்ணெய்த் தொட்டியைக் கழுவ, ஸ்டெர்ன் டியூப் பேக்கிங்கை மாற்ற, பழைய ஹோஸ்களை வீசி எறிய இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஹோஸ் ஒவ்வொன்றுக்கும் முனைக்கு இரண்டு கிளிப் போடுங்கள்.

பிறகு அலைன்மென்ட். படகு கரையில் இருக்கும்போது செய்தால் வீண் வேலை. மரப்படகு தண்ணீரில் இறங்கியதும் வடிவம் கொஞ்சம் மாறும், ஓரிரு நாள் மிதந்தபின் அளக்க வேண்டும். இரண்டு கப்ளிங் முகங்களையும் ஒட்டவைத்து, மேல், கீழ், இடம், வலம் நான்கிலும் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். ஐந்து அங்குலக் கப்ளிங்கென்றால் நான்கிடத்துக்கும் இடையில் வித்தியாசம் 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், ஏறத்தாழ ஒரு தாள் கனம். மேலே இடைவெளி அதிகமென்றால் இன்ஜினின் சாய்வை மாற்ற ஒரு பக்கம் ஷிம் வைத்து, மறுபடி நான்கிலும் அளந்து, போல்ட் இறுக்கியதும் மறுபடி அளந்து, அரைநாள் போய்விடும். கப்ளிங் போல்ட்டை இறுக்கியே இழுத்துச் சேர்த்துவிடலாம் என்று அவசரப்பட்டால் ஸ்டெர்ன் டியூப் புஷ்ஷும் கியர்பாக்ஸ் சீலும் சீக்கிரமே பதில் சொல்லும்.

வெள்ளோட்டத்தில் கூலண்ட்டிலிருந்து காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு, ஐடில், பாதி, முக்கால் ரேஸ் என்று படிப்படியாக ஏற்றுங்கள். கடைசியில் ஐஸ், டீசல், வலை என்று முழுப் பாரத்தோடு சில நிமிஷம் முழு ரேஸ் கொடுத்துப் பார்க்க வேண்டும். இன்ஜின் தகட்டில் போட்ட சுற்றை எட்டினால் புரொபெல்லர் சரி. எட்டாவிட்டால் பிட்ச் குறைக்க வேண்டும். எளிதாகத் தாண்டினால் கூட்டலாம். ஒவ்வொரு ரேஸிலும் ஊசி எங்கே நிற்கிறது என்பதை மீட்டருக்குப் பக்கத்திலேயே பெயிண்டால் எழுதி வையுங்கள், புதிதாக வரும் டிரைவரும் பார்த்துக்கொள்வார். சூட்டு மணி சத்தம் தொல்லையென்று அதன் வயரைப் பிடுங்கிவிடாமல் இருக்கச் சொல்லுங்கள். 50 மணி நேரம் ஓடியதும் முதல் ஆயிலை மாற்றி, இன்ஜின் கட்டை போல்ட்டுகளை இறுக்கி, கப்ளிங்கைப் பிரித்து ஃபீலர் கேஜை இன்னொரு முறை விட்டுப் பார்த்துவிடுங்கள். பதிவுச் சான்றிதழில் புது இன்ஜின் எண்ணை ஏற்ற மீன்துறை அலுவலகத்துக்கும் ஒரு நடை போய்வர வேண்டியிருக்கும்.